கையொப்பமில்லாத தந்தியும் கைக்கெட்டாத தாளும்

“எழுத்து எதற்காகத் தோன்றியது?” என்று உங்களை யாரேனும் கேட்டால் என்ன விடை கூறுவீர்கள்? கதையையும் கவிதையையும் காப்பாற்றி வைக்க என்பீர்கள். அல்லது அரசர்களின் வெற்றிகளைக் கல்லில் பொறிக்க என்பீர்கள். அகழ்வாராய்ச்சி தரும் விடை வேறு. இன்றைய ஈராக்கில் ஊருக் என்னும் பழைய நகரம் இருந்த இடத்தில், ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. உலகின் மிகப் பழைய எழுத்துகளுள் அவையும் அடங்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை கணக்குகளே. எத்தனை படி வாற்கோதுமை வந்தது, எத்தனை ஆடுகள் இருக்கின்றன, வேலையாட்களுக்கு எவ்வளவு கூலி அளக்கப்பட்டது என்பவையே அவற்றில் உள்ள செய்திகள்.

ஆகவே எழுத்து முதலில் ஒரு பணிக்கருவியாகவே பிறந்தது எனலாம். களஞ்சியத்தில் காலையில் வேலை பார்த்தவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். அவர் அறிந்தது அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டும். ஒருவர் தலைக்குள் இருக்கும் செய்தியை அவர் இல்லாத நேரத்திலும் இன்னொருவர் பயன்படுத்திக்கொள்ள எழுத்து வழி செய்தது.

இது மிக எளிய செய்தி போலத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் இந்த எளிய செய்தியை மனிதர்கள் மறுபடி மறுபடி மறந்திருக்கிறார்கள். மறந்தபோதெல்லாம் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். அந்த வரலாற்றின் சில பக்கங்களை இங்கே காண்போம்.

கப்பலில் ஒரு கற்பலகை

பாய்மரக் கப்பல்களின் காலத்துக்குச் செல்வோம். நடுக்கடலில் கப்பல் இரவும் பகலும் ஓடுகிறது. மாலுமிகள் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை காவல் மாறுகிறார்கள். கப்பல் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் ஓடியது என்பது தெரிந்தால்தான் இப்போது எங்கே இருக்கிறோம் என்று கணக்கிட முடியும். அது தவறினால் இருட்டில் பாறைமேல் மோத வேண்டியதுதான்.

வேகத்தை அளக்க அவர்கள் கையாண்ட முறை சுவையானது. ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறம் கடலில் எறிவார்கள். கட்டை ஏறத்தாழ அதே இடத்தில் மிதக்கும். கப்பல் முன்னே செல்லச் செல்லக் கயிறு உருண்டோடும். கயிற்றில் சம தூரங்களில் முடிச்சுகள் இருக்கும். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முடிச்சுகள் ஓடின என்று எண்ணுவார்கள். இதனால்தான் கப்பலின் வேகத்தை இன்றும் ‘நாட்’ என்னும் முடிச்சுக் கணக்கில் கூறுகிறோம். மரக்கட்டைக்கு ஆங்கிலத்தில் ‘லாக்’ என்று பெயர். அந்த அளவுகளை எழுதி வைத்த ஏட்டுக்கு ‘லாக் புத்தகம்’ என்று பெயர் வந்தது. இன்று ஆலைகளிலும் மின் நிலையங்களிலும் வைத்திருக்கும் லாக் புத்தகத்தின் பெயர் கடலில் எறிந்த அந்தக் கட்டையிலிருந்து வந்ததுதான்.

ஒவ்வொரு காவலின்போதும் வேகம், திசை, காற்று ஆகியவற்றைச் சுண்ணக்கட்டியால் ஒரு பலகையில் எழுதுவார்கள். பின்னர் அதை ஏட்டில் படியெடுப்பார்கள். காவலுக்கு வருபவர் முதலில் பார்க்கும் பொருள் அந்தப் பலகைதான். தூக்கக் கலக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொன்னால் பாதி காதில் விழும். பாதி காற்றோடு போகும். பலகையில் உள்ளது அப்படியே நிற்கும்.

இந்த ஏடுகளால் பின்னாளில் எவரும் எதிர்பாராத ஒரு பயனும் விளைந்தது. அமெரிக்கக் கடற்படை அதிகாரியான மாத்யூ மோரி, விபத்தொன்றில் காலில் காயமுற்றுக் கடலில் பணியாற்ற இயலாதவரானார். 1842இல் அவர் கடற்படையின் வரைபடங்களையும் கருவிகளையும் காக்கும் நிலையத்துக்குப் பொறுப்பேற்றார். அங்கே பழைய கப்பல்களின் லாக் புத்தகங்கள் கேட்பாரின்றிக் குவிந்து கிடந்தன. மோரி அவற்றைப் புரட்டினார். பல கப்பல்கள், பல ஆண்டுகள், பல மாதங்கள் கண்ட காற்றையும் நீரோட்டத்தையும் ஒன்றுசேர்த்தார். 1847 முதல் அவர் வெளியிட்ட காற்று, நீரோட்ட வரைபடங்கள் நெடும் பயணங்களைப் பல நாட்கள் குறைக்க உதவின. 1853இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பல நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லாக் கப்பல்களும் ஒரே வகையான படிவத்தில் குறிப்பெழுத வேண்டும் என்று உடன்பட்டனர்.

ஒவ்வொரு மாலுமியும் தன் காவலுக்காக மட்டுமே எழுதினான். அவற்றைச் சேர்த்துப் படித்தபோது அது அறிவியல் ஆயிற்று. இது பதிவேட்டின் ஒரு பயன். உயிரைக் காப்பது அதன் இன்னொரு பயன். அதைப் புகைவண்டிப் பாதையில் காண்போம்.

தோர்ப் நகரில் ஒரு மழை இரவு

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வரக்கூடாது. இதை அறியச் சிறப்பறிவு எதுவும் தேவையில்லை. ஆனால் இதை நாள்தோறும் தவறாமல் உறுதி செய்வது எப்படி? மின்தந்தி வந்த பிறகு அது எளிதாகிவிட்டது என்று எல்லோரும் எண்ணினர். ஒரு நிலையத்தார் அடுத்த நிலையத்துக்குத் தந்தி அடித்து, “வண்டியை அனுப்பலாமா?” என்று கேட்டு விடை பெறலாம் அல்லவா?

1874 செப்டம்பர் 10ஆம் நாள் இரவு. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் நார்விச் நகருக்கும் பிரண்டல் என்னும் சிற்றூருக்கும் இடையே ஒற்றைப் பாதை இருந்தது. இரண்டாவது தண்டவாளம் போடப்பட்டுவிட்டது. ஆனால் பயன்பாட்டுக்குத் திறக்கப்படவில்லை. லண்டனிலிருந்து வந்த விரைவு வண்டி நார்விச்சுக்கு வரத் தாமதமாயிற்று. மறுபுறம் யார்மத்திலிருந்து வரும் அஞ்சல் வண்டி பிரண்டலில் நின்றுகொண்டிருந்தது. வழக்கமாக விரைவு வண்டி பிரண்டலைக் கடந்த பிறகே அஞ்சல் வண்டி புறப்படும். விரைவு வண்டி மிகவும் தாமதமானால், தந்தி மூலம் அனுமதி கொடுத்து அஞ்சல் வண்டியை முதலில் வரவழைப்பதும் உண்டு.

நார்விச்சில் இரவுப் பணியில் இருந்த ஆய்வாளர் தந்தி எழுத்தரிடம் அஞ்சல் வண்டியை வரவழைப்பது பற்றி வாய்மொழியாகக் கூறினார். விதி என்ன? செய்தியைப் படிவத்தில் எழுத வேண்டும். பொறுப்பான அதிகாரி கையொப்பமிட வேண்டும். அதன் பிறகே தந்தி அடிக்க வேண்டும். எழுத்தர் கையொப்பத்துக்காகக் காத்திருக்கவில்லை. செய்தி போய்விட்டது. சில நிமிடங்களில் விரைவு வண்டி நார்விச்சை வந்தடைந்தது. செய்தி போனதை அறியாத ஆய்வாளர் அவ்வண்டியையும் பிரண்டலை நோக்கி அனுப்பிவிட்டார். அதன் பிறகுதான் அவருக்கு உண்மை தெரிந்தது. அஞ்சல் வண்டியை நிறுத்துமாறு உடனே தந்தி அடித்தனர். அது முன்பே புறப்பட்டுவிட்டது என்று விடை வந்தது.

இனி அவர்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இரண்டு வண்டிகளும் ஒரே பாதையில் ஒன்றை நோக்கி ஒன்று ஓடிக்கொண்டிருந்தன. மழையில் தண்டவாளம் நனைந்திருந்தது. தோர்ப் என்னும் இடத்தில் இரண்டும் நேருக்கு நேர் மோதின. 25 பேர் உயிரிழந்தனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கையொப்பம் என்பது வெறும் சடங்கு என்று அந்த எழுத்தர் எண்ணியிருக்கலாம். ஆனால் கையொப்பமிடும் அந்த அரை நிமிடம் எதற்காக? “இதை நான்தான் சொல்கிறேன், இப்போதுதான் சொல்கிறேன்” என்று ஒருவர் தன் மனத்திலும் தாளிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்வதற்காக. கையொப்பமிட்டவருக்கு அஞ்சல் வண்டி வந்துகொண்டிருப்பது மறக்காது. சொல்லை மட்டும் காற்றில் விட்டவருக்கு, அது ஆணையாகப் போய்ச் சேர்ந்ததா, பேச்சோடு நின்றதா என்பதே தெரியாமல் போயிற்று.

தாள் உலோகமானது

தோர்ப் விபத்துக்குப் பின் எட்வர்ட் டையர் என்னும் ஆங்கிலப் பொறியியலார் ஒரு வழி கண்டார். மனிதர்கள் விதியை மறப்பார்கள்; அவசரத்தில் தாண்டுவார்கள். ஆகவே அனுமதியையே கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளாக்கினால் என்ன? 1878இல் அவர் உருவாக்கிய முறை இதுதான். பாதையின் இரு முனைகளிலும் உள்ள நிலையங்களில் இரண்டு கருவிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பல உலோக வில்லைகள் இருக்கும். இரு கருவிகளும் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒரு கருவியிலிருந்து ஒரு வில்லையை வெளியே எடுத்துவிட்டால், அது இரண்டில் ஏதேனும் ஒன்றில் திரும்பப் போடப்படும் வரை வேறு எந்த வில்லையையும் எடுக்க முடியாது. வில்லை கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியைச் செலுத்தக்கூடாது.

ஒரே ஒரு வில்லை. ஆகவே ஒரே ஒரு வண்டி. நமது நாட்டின் ஒற்றைப் பாதைகளிலும் இதே தத்துவத்தில் அமைந்த உலோக உருண்டைகள் நெடுங்காலம் வழங்கிவந்தன. நிலையத்தில் நிற்காமல் செல்லும் வண்டியின் ஓட்டுநருக்குப் பிரம்பு வளையத்தில் மாட்டிய பையை ஊழியர் நீட்டுவதையும், அவர் அதைக் கையால் வாரிக்கொள்வதையும் மூத்த வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பைக்குள் இருந்தது அந்த ‘டோக்கன்’தான். அதுவும் ஒரு வகை எழுத்தே. “உன் முன்னே பாதை காலியாக உள்ளது” என்னும் ஒரே வாக்கியத்தை அது கூறியது. மறக்கவோ திரித்துச் சொல்லவோ முடியாதபடி கூறியது.

இத்துடன் சிக்கல் தீர்ந்துவிட்டதா? இல்லை. புகைவண்டிப் பாதையில் இரண்டு முனைகள்தாம் உண்டு. பெரிய ஆலையிலோ ஆயிரக்கணக்கான குழாய்களும் வால்வுகளும் பம்புகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லை வைக்க முடியுமா? அங்கே மீண்டும் தாளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்தத் தாளுக்கு ‘பணி அனுமதிச் சீட்டு’ என்று பெயர்.

வட கடலில் ஓர் எண்ணெய் மேடை

பிரிட்டனின் அபர்டீன் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில், வட கடலின் நடுவே ‘பைப்பர் ஆல்ஃபா’ என்னும் எண்ணெய் மேடை நின்றது. அங்கே கடலின் ஆழம் 140 மீட்டருக்கும் மேல். 1976 இறுதியில் அது எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. முதலில் எண்ணெய்க்காகவே கட்டப்பட்ட அம்மேடையில், பின்னர் இயற்கை வாயுவைப் பிரித்தெடுக்கும் பகுதிகளும் சேர்க்கப்பட்டன. அருகிலிருந்த டார்டன், கிளேமோர் என்னும் மேடைகளோடும் அதற்குக் குழாய்த் தொடர்பு இருந்தது. கடலின் நடுவே இரும்புத் தூண்கள்மேல் நின்ற ஒரு தொழிற்சாலையையும், அதன்மேலேயே இருநூறுக்கும் மேற்பட்டோர் உண்டு உறங்கும் விடுதியையும் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இயற்கை வாயுவைக் குளிர்வித்து அழுத்தும்போது அதிலிருந்து எளிதில் ஆவியாகும் திரவ எரிபொருள் ஒன்று பிரிகிறது. அதைக் கண்டன்சேட் என்பர். அதை உயர் அழுத்தத்தில் குழாய்க்குள் தள்ள இரண்டு பம்புகள் இருந்தன. அவற்றை ‘அ’ பம்பு, ‘ஆ’ பம்பு என்று நாம் அழைப்போம். ஒன்று ஓடும், மற்றொன்று மாற்றாக நிற்கும்.

இரண்டு வேலைகள், இரண்டு சீட்டுகள்

1988 ஜூலை 6. ‘அ’ பம்பு பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டது. அதற்கு ஓர் அனுமதிச் சீட்டு எழுதப்பட்டது. ஆனால் பம்பைப் பிரிக்கும் வேலை அன்று தொடங்கவில்லை.

அதே பம்பைச் சேர்ந்த குழாயில் ஒரு காப்பு வால்வு உண்டு. அழுத்தம் அளவு மீறினால் திறந்துகொண்டு ஆபத்தைத் தவிர்ப்பது அதன் வேலை. அதைச் சோதித்துச் சான்றளிப்பதற்காக ஒப்பந்தத் தொழிலாளர்கள் கழற்றி எடுத்தனர். இதற்குத் தனியே இன்னொரு அனுமதிச் சீட்டு. வால்வு இருந்த இடத்தில் குழாயின் வாயை மூட ஒரு தட்டை இரும்பு மூடியைப் பொருத்தினர். மாலைக்குள் வால்வைத் திரும்ப மாட்ட இயலவில்லை. அதைத் தூக்கும் கிரேன் அப்போது கிடைக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வேலை நிறுத்திவைக்கப்பட்டது.

மாலை ஆறு மணி ஷிப்டு மாறும் நேரம். பகலில் பணியாற்றியவர்கள் இரவுப் பணிக்கு வந்தவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தனர். பம்பைப் பற்றிப் பேச்சு இருந்தது. வால்வு கழற்றப்பட்டிருப்பதைப் பற்றிப் பேச்சும் இல்லை. லாக் புத்தகத்தில் குறிப்பும் இல்லை.

வால்வுக்கான சீட்டு எங்கே இருந்தது? நிறுத்திவைக்கப்பட்ட வேலைகளின் சீட்டுகளைக் கட்டுப்பாட்டு அறையில் அல்லாமல் வேறோர் இடத்தில், பாதுகாப்பு அலுவலகத்தில் வைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. ஒரே பம்பைச் சேர்ந்த இரண்டு சீட்டுகளையும் ஒன்றோடு ஒன்று பொருத்திக் காட்டும் குறிப்பும் எதுவுமில்லை. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். வால்வு பம்பின் பக்கத்தில் இல்லை. பல அடி உயரத்தில், மேல் தளத்தில் இருந்தது. பம்பின் அருகே நிற்பவருக்கு அது தெரியாது.

இரவு ஏறத்தாழ 9.45 மணிக்கு, ஓடிக்கொண்டிருந்த ‘ஆ’ பம்பு நின்றுவிட்டது. மீண்டும் ஓட்ட முயன்றனர், முடியவில்லை. இரண்டு பம்புகளும் இல்லையென்றால் வாயுப் பகுதி முழுவதையும் நிறுத்த வேண்டிவரும். ‘அ’ பம்பை ஓட்டலாமா என்று சீட்டைப் பார்த்தனர். பராமரிப்புச் சீட்டு கையில் கிடைத்தது. வேலை தொடங்கப்படவில்லை என்பது தெரிந்தது. அப்படியானால் பம்பு நல்ல நிலையில்தான் உள்ளது; ஓட்டலாம் என்பது அவர்களுடைய முடிவு.

அவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர்கள் தாளைப் பார்க்காமல் முடிவு செய்யவில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பார்த்தார்கள். கண்ணுக்கு எட்டிய தாள் உண்மையையே கூறியது. முழு உண்மையைக் கூற வேண்டிய இன்னொரு தாள் அவர்களுக்கு எட்டும் இடத்தில் இல்லை.

இரவு பத்து மணி

ஏறத்தாழ பத்து மணிக்கு, வால்வு இருந்த இடத்து மூடியின் வழியே எரிபொருள் சீறி வெளியேறியது. வாயு எச்சரிக்கை விளக்குகள் அடுத்தடுத்து எரிந்தன. சில நொடிகளில் வெடிப்பு நிகழ்ந்தது. வெளியேறியது பெருமளவன்று; சில பத்துக் கிலோதான். ஆனால் அது பக்கத்துச் சுவரைத் தகர்க்கப் போதுமானதாக இருந்தது. அந்தச் சுவர்கள் எண்ணெய்த் தீயைத் தாங்கக் கட்டப்பட்டவை. வாயு வெடிப்பைத் தாங்கக் கட்டப்பட்டவை அல்ல. எண்ணெய்க் குழாய்கள் உடைந்து தீப்பற்றின. கட்டுப்பாட்டு அறை செயலிழந்தது.

தீயணைக்கும் நீர்ப் பம்புகள் தாமே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். அவை தொடங்கவில்லை. கடலுக்கடியில் நீர்மூழ்கும் தொழிலாளர் வேலை செய்யும் நாட்களில், பம்பின் உறிஞ்சு குழாய் அவர்களை இழுத்துவிடாதபடி, அந்தப் பம்புகளைக் கையால் இயக்கும் நிலையில் வைப்பது அங்கே வழக்கம். அன்றும் அப்படியே இருந்தன. நீர்மூழ்குவோர் உறிஞ்சு குழாயின் அருகே வேலை செய்தால் மட்டும் அப்படி வைத்தால் போதும் என்று 1983இலேயே ஓர் ஆய்வறிக்கை எழுத்தில் பரிந்துரைத்திருந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை.

ஏறத்தாழ 10.20 மணிக்கு டார்டன் மேடையிலிருந்து வந்த வாயுக் குழாய் வெப்பத்தால் வெடித்தது. அதன் பிறகு அந்தத் தீ அணைக்கக்கூடியதாக இல்லை. பக்கத்து மேடைகளில் இருந்தவர்கள் தீயைக் கண்டனர். ஆயினும் தாமே உற்பத்தியை நிறுத்தலாமா, கரையிலிருந்து ஆணை வர வேண்டுமா என்னும் தயக்கத்தில் எண்ணெய் தொடர்ந்து அனுப்பப்பட்டது. கிளேமோர் மேடையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை உற்பத்தி நிற்கவில்லை.

மேடையில் இருந்தவர்களில் பலர் விதிப்படி விடுதியில் கூடி ஆணைக்காகக் காத்திருந்தனர். வெளியேறுமாறு ஆணை வரவேயில்லை. புகை உள்ளே புகுந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, புகையே. உயிர் தப்பியவர்களில் பலர் காத்திருக்காமல் வெளியேறியவர்கள். சிலர் மிக உயரத்திலிருந்து கடலில் குதித்தனர். மேடையில் இருந்த 226 பேரில் 61 பேர் மட்டுமே உயிர் பிழைத்தனர். அவர்களைக் காப்பாற்றச் சென்ற படகிலிருந்தவர்களில் இருவரும் இறந்தனர். ஆக மொத்தம் 167 உயிர்கள். நள்ளிரவு கடந்து சிறிது நேரத்துக்குள் மேடையின் பெரும்பகுதி கடலில் சரிந்துவிட்டது.

விசாரணை கூறியது என்ன?

பிரிட்டிஷ் அரசு கல்லன் பிரபு என்னும் நீதிபதியின் தலைமையில் விசாரணை நடத்தியது. இங்கே ஓர் இடர்ப்பாடு. பம்பை ஓட்ட முயன்றவர்களில் முக்கியமானவர்கள் உயிருடன் இல்லை. ஏடுகளும் கருவிகளும் கடலின் அடியில். ஆகவே உயிர் பிழைத்தவர்களின் சாட்சியம், கரையில் கிடைத்த பதிவுகள், ஆய்வுக்கூடச் சோதனைகள் ஆகியவற்றைக் கொண்டே நிகழ்ந்திருக்கக்கூடியதை ஆணையம் முடிவு செய்தது. நாம் மேலே கண்டது அந்த முடிவுதான். 1990 நவம்பரில் அறிக்கை வெளிவந்தது. அதில் 106 பரிந்துரைகள் இருந்தன.

அறிக்கையில் கூறப்பட்ட செய்திகளுள் நம் மனத்தை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. பணி அனுமதி முறை அந்த ஒரு நாள் மட்டும் தவறவில்லை. அது நெடுநாளாகவே தளர்ந்திருந்தது. ஷிப்டு முடியும்போது சீட்டை நேரில் கொடுத்து விளக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போவது, வேலை முடிந்த இடத்தைச் சென்று பார்க்காமலே கையொப்பமிடுவது ஆகியவை வழக்கமாகிவிட்டிருந்தன. 1987 செப்டம்பரில் அதே மேடையில் ஒரு தொழிலாளர் விபத்தில் இறந்தார். அப்போதே பணி அனுமதியிலும் ஷிப்டு மாறும்போது செய்தி கூறுவதிலும் உள்ள குறைகள் வெளிப்பட்டன. நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் குறை தீரவில்லை. அடுத்த ஆண்டே 167 பேர் மாண்டனர்.

அறிக்கைக்குப் பின், கடல் மேடைகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பொறுப்பு எரிசக்தித் துறையிடமிருந்து பாதுகாப்புக்கெனவே அமைந்த துறைக்கு மாற்றப்பட்டது. 1992இல் வந்த விதிகளின்படி, ஒவ்வொரு மேடையையும் நடத்துபவர் அங்கு நேரக்கூடிய ஆபத்துகள் என்ன, அவற்றைத் தடுக்க என்ன ஏற்பாடு உள்ளது என்பதைத் தாமே ஆராய்ந்து எழுத்தில் மெய்ப்பிக்க வேண்டும் என்றாயிற்று.

நல்ல பதிவேடு எது?

இனி, இந்த வரலாற்றிலிருந்து நாம் எதைக் கற்கிறோம் என்று பார்ப்போம். “எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்” என்று கூறிவிட்டால் போதாது. பைப்பர் ஆல்ஃபாவில் தாள்களுக்குக் குறைவில்லை. நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, எழுத்து நிகழ்ச்சியோடு சேர்ந்தே பிறக்க வேண்டும். மாலுமி ஒவ்வொரு காவலிலும் பலகையில் எழுதினான். துறைமுகம் சேர்ந்த பிறகு நினைவைக் கிளறி எழுதவில்லை. நினைவு நம்மை அறியாமலே கதையைத் திருத்திவிடும்.

இரண்டாவது, எழுதியதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். தோர்ப்பில் தவறியது இதுதான். கையொப்பம் பிறரைச் சிக்கவைப்பதற்காக அன்று. எழுதுபவரை ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கச் செய்வதற்காக.

மூன்றாவது, எழுத்து முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். பூட்டிய அலமாரியில் உள்ள உண்மை, பம்பை ஓட்டுபவருக்குப் பொய்யைவிடச் சிறந்ததன்று. இதனால்தான் இன்று ஆலைகளில் பழுது பார்க்கும் இயந்திரத்தின் மின்விசையிலேயே பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிடுகிறார்கள். பழுது பார்ப்பவர் பூட்டின் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்கிறார். டையரின் உலோக வில்லை வேறு உருவில் மீண்டும் வந்துவிட்டது எனலாம். நமது மின்வாரியத் தொழிலாளர் கம்பத்தில் ஏறுமுன் ‘லைன் கிளியர்’ பெறுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. கம்பியில் மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது என்பதை ஒருவர் பொறுப்பேற்றுக் கூறி, அது பதிவான பிறகே இன்னொருவர் அதைத் தொட வேண்டும்.

நான்காவது, எழுத்து பேச்சுக்கு மாற்று அன்று, துணை. ஷிப்டு மாறும்போது ஏட்டைத் திறந்துவைத்து, போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து படிக்க வேண்டும். வருகிறவர் கேள்வி கேட்க வேண்டும். மருத்துவமனையில் செவிலியர் பணி மாறும்போது நோயாளியின் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கைக்கருகே நின்று பேசுவது இதற்காகத்தான். வெறும் பேச்சு மறையும். வெறும் தாள் படிக்கப்படாமல் கிடக்கும்.

இவற்றுக்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு. “வேலை செய்யவே நேரம் போதவில்லை, எழுதுவதற்கு நேரம் ஏது?” என்று பலர் கேட்பர். நியாயமான கேள்விதான். தேவையற்ற படிவங்கள் பெருகினால், தேவையான படிவமும் அவற்றுக்குள் மறைந்துவிடும். ஒரு நாளைக்கு நூறு கையொப்பம் இடுபவர் எதையும் படித்து இடமாட்டார். ஆகவே எவ்வளவு எழுதுகிறோம் என்பதைவிட, இதை யார் படிப்பார், எப்போது படிப்பார், படித்து என்ன செய்வார் என்பதே முக்கியமான கேள்வி. இதற்கு விடை இல்லாத படிவத்தை விட்டுவிடலாம். விடை உள்ள படிவத்தை ஒருபோதும் விடக்கூடாது.

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் உங்களைக் குறிப்பேட்டில் அளவுகளை உடனுக்குடன் எழுதச் சொல்லும்போதும், தவறான எண்ணை அழிக்காமல் ஒரு கோடிட்டு அடிக்கச் சொல்லும்போதும், நாளும் கையொப்பமும் கேட்கும்போதும், அது மதிப்பெண்ணுக்கான சடங்கு என்று எண்ணவேண்டாம். நாளை நீங்கள் ஆலையிலோ, மின் நிலையத்திலோ, மருத்துவமனையிலோ, அலுவலகத்திலோ பணிபுரிவீர்கள். கருவிகள் மாறியிருக்கும். தாளுக்குப் பதில் கணினித் திரை இருக்கும். ஆயினும் உங்களுக்குப் பின் வருபவர் நீங்கள் அறிந்ததை அறியாதவராகவே வருவார். பணி முடிந்து கிளம்புமுன், “நான் இப்போது இங்கிருந்து போய்விட்டால், அடுத்தவர் எதைத் தெரியாமல் தொடுவார்?” என்று ஒரு முறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கான விடையை எழுதி, அவர் கையில் கொடுத்து, அவர் படித்துவிட்டார் என்று கண்டபின் வீட்டுக்குச் செல்லுங்கள்.